முகம் பிடிக்கும் லென்ஸ்

ஒரு கதையை ஒரே சொல்லில் கீழே இறக்கிவிட நம் விமர்சகர்களிடம் வெகுகாலமாக ஒரு வார்த்தை கைவசம் இருக்கிறது. ‘போட்டோ’ என்பார்கள். ‘வெறும் போட்டோ பிடித்திருக்கிறார்’, ‘புகைப்பட யதார்த்தம்’, ‘காமிராவுக்கு மனசு கிடையாது’. எதிர்க்கட்சியும் இதே சொல்லைத்தான் நம்பியிருக்கிறது. தங்களுக்குப் பிடித்த நாவலாசிரியரைப் பாராட்ட வேண்டி வந்தால், ‘போட்டோ எடுத்த மாதிரி உள்ளதை உள்ளபடி’ என்று அவர்கள் எழுதுகிறார்கள். திட்டுகிறவர்களும் கொண்டாடுகிறவர்களும் சச்சரவில்லாமல் ஒப்புக்கொண்டிருக்கும் விஷயம், காமிரா என்பது கண் கண்டதை நகலெடுக்கும் யந்திரம் என்பது. இந்த ஒப்பந்தத்தை யாரும் சோதித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. சோதிக்க வேண்டுமானால், பட்டப்பகலில் எடுத்த தெருவும் வீடும் பயன்படா. அங்கே கண்ணுக்கும் தகட்டுக்கும் அவ்வளவாகத் தகராறு இல்லை. வெளிச்சம் போதாத, எல்லை தெளிவில்லாத, ஓர் இடத்தில் நிற்காத ஒரு பொருள் வேண்டும். வால்நட்சத்திரத்தைவிடப் பொருத்தமானது எனக்குத் தோன்றவில்லை.

டாகேரின் முறை 1839இல் உலகத்துக்குத் தெரிந்தது. அடுத்த வருஷமே சந்திரன் தகட்டில் விழுந்துவிட்டது. 1850இல் ஹார்வர்ட் வானாய்வகத்தில் வேகா என்ற நட்சத்திரத்தையும் பிடித்துவிட்டார்கள். வால்நட்சத்திரம் 1858 வரை தப்பித்துக்கொண்டிருந்தது. அந்த வருஷம் ஜூனில் பிளாரன்ஸில் டோனாட்டி கண்டுபிடித்த வால்நட்சத்திரம், செப்டம்பர் கடைசியில் வெறும் கண்ணுக்கே பெரிதாகி, வாள்போல் வளைந்த வாலுடன் ஐரோப்பாவின் சாயங்கால வானத்தில் நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் வால்நட்சத்திரங்களில் அழகானது அதுதான் என்று அநேகமாக எல்லோரும் சொல்கிறார்கள்.

அதை முதலில் போட்டோ எடுத்தவர் வானநூல்காரர் அல்ல. இங்கிலாந்தில், ஸர்ரேயில், மனிதர்களின் முகங்களைப் படமெடுத்துப் பிழைத்துவந்த வில்லியம் உஷர்வுட் என்பவர். செப்டம்பர் 27ஆம் தேதி, முகம் பிடிக்கும் லென்ஸை வானத்தை நோக்கித் திருப்பி, ஏழே விநாடி திறந்து மூடினார். வாலும் விழுந்தது. மறுநாள் இரவு அட்லாண்டிக்குக்கு அந்தப் புறத்தில், ஹார்வர்டின் பதினைந்து அங்குலப் பெரிய டெலஸ்கோப்பில் ஜார்ஜ் பிலிப்ஸ் பாண்ட் ஆறு நிமிஷம் தகட்டை வைத்திருந்தார். அவருக்குக் கிடைத்தது தலையின் நடுப்புள்ளியும் அதைச் சுற்றி ஒரு மங்கலும்தான். வால் இல்லை.

ஸ்டூடியோக்காரர் ஏழு விநாடியில் பிடித்ததை அமெரிக்காவின் மிகப் பெரிய டெலஸ்கோப்புகளில் ஒன்று ஆறு நிமிஷத்தில் பிடிக்க முடியாமல் போனதற்கு மாயம் எதுவும் காரணமில்லை. பெரிய டெலஸ்கோப் தூரத்தைப் பெரிதாக்கிக் காட்டும். வால் போலப் பரந்து கிடக்கும் மங்கலான பொருளைப் பெரிதாக்கினால், அதன் வெளிச்சம் தகட்டில் அதிக இடத்தில் பரவி நீர்த்துப்போகும். உஷர்வுட்டின் லென்ஸ் வாய் அகலமும் கழுத்துக் குட்டையுமானது. வாயின் அகலத்தைப் போல் இரண்டரை மடங்கு நீளம்கூட இல்லை. ஹார்வர்ட் டெலஸ்கோப்பில் இது பதினெட்டு மடங்கு அளவில் இருந்தது. முகம் பிடிக்கும் லென்ஸுகள் இப்படி அமைந்ததற்குக் காரணம் வேறு. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் அசையாமல் எவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்திருப்பார் என்ற கவலையில், 1840இல் வியன்னாவில் பெட்ஸ்வால் கணக்குப் போட்டு அமைத்த வகையின் வாரிசுகள் அவை. மனித முகத்தின் பொறுமையின்மைக்காகச் செய்த சாமான் வானத்துக்குப் பொருந்திவிட்டது.

உஷர்வுட்டின் படம் இன்று இல்லை. தொலைந்துவிட்டது. பாண்ட், 1862இல் டோனாட்டி வால்நட்சத்திரத்தைப் பற்றி ஒரு பெரிய நூலே போட்டார். ராயல் வானியல் சங்கத்தின் தங்கப் பதக்கம் அதற்காக அவரைத் தேடி வந்தது. நூலின் பெருமை அதிலுள்ள படங்கள். அத்தனையும் கண்ணால் பார்த்துக் கையால் வரைந்து செதுக்கியவை. தானே போட்டோ எடுத்த மனிதர், அத்தாட்சி என்று வந்தபோது பென்சிலைத்தான் நம்பினார். அவர் செய்தது சரி. 1858இன் தகடு, கண்டதை நகலெடுக்கவில்லை. கண் கண்டதில் முக்கால்வாசியைக் காணவேயில்லை.

இந்த இடத்தில் ஓர் ஓவியத்தைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். வில்லியம் டைஸ் வரைந்த பெக்வெல் விரிகுடா, 1858 அக்டோபர் 5ஆம் தேதியின் ஞாபகம் என்று தலைப்பிலேயே தேதி போட்டுக்கொண்ட படம். கிளிஞ்சல் பொறுக்கும் பெண்கள், சுண்ணாம்புப் பாறையின் ஒவ்வொரு வெடிப்பு, கூழாங்கல், ஈரமணல். போட்டோ மாதிரி இருக்கிறது என்று பார்த்தவர்கள் சொல்வதற்கு இதைவிடத் தகுதியான ஓவியம் அந்தக் காலத்தில் குறைவு. மேலே வெளிறிய வானத்தில், தேடினால்தான் கிடைக்கிற மாதிரி ஒரு மெல்லிய தீற்றல். அதுதான் டோனாட்டி. ‘போட்டோத்தனமான’ ஓவியத்தில் இருப்பது அந்த வருஷத்துப் போட்டோவால் அநேகமாகப் பிடிக்க முடியாமல்போன பொருள். நம் விமர்சனச் சொல் எந்தப் பக்கம் பொருந்தும் என்று எனக்குப் புரியவில்லை.

பாண்டின் காலத்துத் தகடு ஈரத் தகடு. கொலோடியன் பூசி, காய்வதற்குள் எடுத்து முடித்துவிட வேண்டும். சில நிமிஷங்களுக்குமேல் எந்த ராட்சதனாலும் அதைத் திறந்துவைக்க முடியாது. 1870களில் ஜெலட்டின் பூசிய உலர் தகடு வந்தபின்தான் விஷயம் மாறியது. உலர் தகட்டை மணிக்கணக்கில் வானத்துக்குக் காட்டலாம். கண் ஒரு விநாடியில் சிறு பங்குக்குமேல் வெளிச்சத்தைச் சேர்த்துவைக்காது. வருவதும் போவதுமாக இருக்கும். தகடு சேர்த்துக்கொண்டே போகும். 1881ஆம் வருஷத்துப் பெரிய வால்நட்சத்திரத்தை அமெரிக்காவில் ஹென்றி டிரேப்பர் இரண்டு மணி நாற்பத்திரண்டு நிமிஷமும், பாரிஸுக்கு அருகே மூதோனில் ஜான்ஸன் அரை மணியும் எடுத்தார்கள். இருவருக்கும் வால் கிடைத்தது.

ஆனால் கதை உண்மையில் திரும்புகிற இடம் அடுத்த வருஷத்து நன்னம்பிக்கை முனை. 1882 செப்டம்பரில் தோன்றிய வால்நட்சத்திரம் சூரியனை உரசினாற்போலச் சுற்றி வந்தது. 17ஆம் தேதி அது சூரிய விளிம்பில் போய் மறைவதைப் பட்டப்பகலில் முனையின் வானாய்வகத்திலிருந்து பின்லேயும் எல்கினும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சில நாட்களில் விடியற்கால வானத்துக்கு நகர்ந்து நீண்ட வாலை விரித்தது. ஊரில் சில போட்டோக்காரர்கள் சாதாரணக் காமிராவை நிறுத்திவைத்து எடுத்துப் பார்த்தார்கள். பூமி சுழல்கிறதே, படம் இழுபட்டுப் போயிற்று. அந்தப் படங்களைப் பார்த்த வானாய்வகத் தலைவர் டேவிட் கில், மௌப்ரேயில் தொழில் செய்துவந்த ஆலிஸ் என்ற போட்டோக்காரரைக் கூப்பிட்டனுப்பினார். கில்லுக்குப் படமெடுக்கும் தொழிலில் அனுபவம் போதாது. ஆலிஸுக்கு வானம் தெரியாது. ஆலிஸின் காமிராவை, இரண்டரை அங்குல ராஸ் முகலென்ஸோடு, வானாய்வக டெலஸ்கோப்பின்மேல் கட்டினார்கள்.

டெலஸ்கோப்பைக் கடிகார யந்திரம் சுழற்றும். ஆனால் எந்தக் கடிகாரமும் அவ்வளவு ஒழுங்காகச் சுழற்றாது. போதாததற்கு வால்நட்சத்திரம் நட்சத்திரங்களுக்கு நடுவே தன் போக்கில் நகர்ந்துகொண்டிருக்கிறது. ஆகவே காமிரா திறந்திருக்கும் நேரம் முழுவதும் ஒரு மனிதன் டெலஸ்கோப்பில் கண்ணை வைத்து, வால்நட்சத்திரத்தின் தலை குறுக்குக்கம்பியைவிட்டு விலகாமல் திருகைத் தொட்டுத் தொட்டுத் திருத்திக்கொண்டிருக்க வேண்டும். அக்டோபர் நவம்பரில் அவர்கள் எடுத்த படங்களில் குறைந்தது அரை மணி, அதிகபட்சம் இரண்டு மணி இருபது நிமிஷம். யந்திரம் தானாகப் பிடித்தது என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடும் படத்துக்குள் ஒரு மனிதனின் இரண்டே கால் மணி நேரக் கவனம் கிடக்கிறது. கவனம் ஒரு நிமிஷம் தவறியிருந்தால் அதுவும் படத்தில் விழுந்திருக்கும்.

தகடுகளைக் கழுவிப் பார்த்தபோது வால்நட்சத்திரம் நன்றாகவே வந்திருந்தது. கில்லைப் பிடித்துக்கொண்டது அதுவல்ல. வாலின் ஊடாகவும் வாலுக்கு வெளியிலும் நட்சத்திரங்கள், எண்ண முடியாத அளவுக்கு. இரண்டரை அங்குல ஸ்டூடியோ லென்ஸில் இவ்வளவு விழும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கேட்காமலே வந்த பின்னணி. வானத்தை ஒவ்வொரு நட்சத்திரமாகக் கண்ணால் அளந்து அட்டவணை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. தெற்கு வானத்தில் அந்த வேலை பெரும்பாலும் பாக்கி. இதைத் தகட்டிலேயே செய்துவிடலாம் என்று கில்லுக்கு அந்தப் படங்கள் சொல்லிவிட்டன. 1885இல் தொடங்கினார். பாதி வழியில் உதவித்தொகை நின்றபோது கைப்பணத்தைப் போட்டார். தகடுகளை அளந்து கணக்கெடுக்கும் வேலையை, சொந்த வானாய்வகமே இல்லாத ஹாலந்து நாட்டுப் பேராசிரியர் காப்டைன் தானாக முன்வந்து ஏற்றுக்கொண்டார். பன்னிரண்டு வருஷத்துக்குமேல் அவருக்கு அதில் போயிற்று. 1896க்கும் 1900க்கும் இடையில் வெளிவந்த அட்டவணையில் 4,54,875 நட்சத்திரங்கள்.

கில்லின் படங்கள் பாரிஸையும் எட்டின. 1887இல் பாரிஸில் கூடிய மாநாடு, வானம் முழுவதையும் தகட்டில் எடுத்துவிடுவது என்று தீர்மானித்து, உலகத்து வானாய்வகங்களுக்கு மண்டலம் மண்டலமாகப் பங்குபோட்டுக் கொடுத்தது. அந்த நூற்றாண்டுக்கே உரிய பேராசை. வானப்படம் முடிவடையவேயில்லை. கூட வந்த அட்டவணை மட்டும் தட்டுத்தடுமாறி 1960களில் முடிந்தது. சிலி நாட்டுச் சாந்தியாகோ கைவிட்ட மண்டலத்தை ஹைதராபாத்தின் நிஜாமியா வானாய்வகம் ஏற்று முடித்துக் கொடுத்தது. வீண்வேலை என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. ஆனால் நூறு வருஷத்துக்கு முந்தைய அந்த நட்சத்திர இடங்கள், ஹிப்பார்கஸ் செயற்கைக்கோளின் அளவுகளோடு ஒப்பிடப்பட்டு, எந்த நட்சத்திரம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதைக் கண்டறிய 2000ஆம் ஆண்டில் பயன்பட்டன. இவ்வளவுக்கும் ஆரம்பம், மௌப்ரே போட்டோக்காரர் ஒருவர் தன் காமிராவைக் கடன் கொடுத்தது.

மூன்றாவது ஸ்டூடியோக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்வர்ட் எமர்சன் பர்னார்ட், 1857இல் அமெரிக்காவில் நாஷ்வில்லில் பிறந்தவர். பிறப்பதற்கு முன்பே தகப்பன் போய்விட்டான். பள்ளிக்கூடம் போனது மொத்தம் இரண்டு மாசம். ஒன்பது வயதில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள். அப்போது படத்தைப் பெரிதாக்குவதற்கு விளக்கு கிடையாது, சூரியன்தான். கூரைமேல் ‘ஜூபிடர்’ என்று பேர் வைத்த ஒரு பிரம்மாண்டமான யந்திரம். சூரியன் நகர நகர அதைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். வெயிலில் நாள் முழுக்க நின்று அதைத் திருப்புவது இந்தச் சிறுவனின் வேலை. தூங்கக்கூடாது, வேடிக்கை பார்க்கக்கூடாது. பிற்காலத்தில் வானத்தின் மிகப் பெரிய போட்டோக்காரராக அவரை ஆக்கிய பயிற்சி இதுதான் என்று நான் நினைக்கிறேன். சூரியனைத் தொடர்ந்த கை பிறகு வால்நட்சத்திரத்தைத் தொடர்ந்தது.

1888இல் கலிபோர்னியாவில் லிக் வானாய்வகத்துக்குப் போனார். உலகத்தின் ஆகப் பெரிய லென்ஸ் டெலஸ்கோப் அப்போது அங்கேதான் இருந்தது. பர்னார்டின் புகழ்பெற்ற வால்நட்சத்திரப் படங்களோ, ஸ்டூடியோ ஒன்றில் உழைத்து ஓய்ந்து பழைய சாமானாக விலைக்கு வந்த ஆறு அங்குல வில்லர்ட் முகலென்ஸை ஒரு மரப்பெட்டியில் பொருத்தி எடுத்தவை. 1892 அக்டோபர் 12ஆம் தேதி, கழுகு மண்டலத்தை எடுத்த தகட்டில் புள்ளிகளுக்கு நடுவே ஒரு சிறு கோடு இழுபட்டிருப்பதைப் பார்த்தார். நகர்ந்திருக்கிறது, ஆகவே வால்நட்சத்திரம். மனிதக் கண் பார்ப்பதற்கு முன் தகடு பார்த்த முதல் வால்நட்சத்திரம் அது.

பர்னார்டின் படங்களைப் பார்ப்பவர்கள் முதலில் கவனிப்பது நட்சத்திரங்கள் புள்ளிகளாக இல்லாததை. வால்நட்சத்திரத்தின் தலையைக் குறுக்குக்கம்பியில் பிடித்துத் தொடர்ந்தால் நட்சத்திரங்கள் கோடுகளாகிவிடும். நட்சத்திரத்தைத் தொடர்ந்தால் வால்நட்சத்திரம் கலங்கிப்போகும். இரண்டையும் ஒரே தகட்டில் கூர்மையாக வைத்துக்கொள்ள வழியில்லை. எதைத் தொடர்வது என்று, மூடியைத் திறப்பதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். நாவலில் ஒரு பாத்திரத்தின் கண்ணைப் பிடித்துக்கொண்டு போகிற ஆசிரியனுக்கு மற்றவர்கள் எல்லாம் கோடுகளாகி விடுவதைப் பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். காமிராவுக்கு அந்தப் பிரச்னையே கிடையாது என்று வேறு சொல்கிறோம்.

1893இல் புரூக்ஸ் வால்நட்சத்திரம் வந்தது. கண்ணுக்கு அது சாதாரணம். அக்டோபர் 21ஆம் தேதிக்கு முந்தைய தகடுகளில் நேராக இருந்த வால், அன்றைய தகட்டில் காற்றில் அலைக்கழிந்த தீவட்டிப் புகை மாதிரி முறிந்து சிதறிக் கிடந்தது. வழியில் எதிலோ மோதியிருக்கிறது என்று பர்னார்ட் நினைத்தார். 1908இல் மோர்ஹவுஸ் வால்நட்சத்திரம் இன்னும் மோசம். ஊரில் யாரும் தலைநிமிர்ந்து பார்த்திருக்க மாட்டார்கள், அவ்வளவு மங்கல். தகட்டிலோ இரவுக்கு இரவு வால் அறுந்து மிதந்து போகிறது, புதிது முளைக்கிறது. கண்ணுக்கும் தகட்டுக்கும் இந்த வித்தியாசம் நேரத்தால் மட்டும் வந்ததில்லை. அந்தக் காலத்துத் தகடுகள் நீலத்தையும் ஊதாவையும் மட்டும் விழுங்கும், சிவப்புக்குக் குருடு. வால்நட்சத்திரத்துக்கு இரண்டு வால். ஒன்று தூசி; சூரிய ஒளியை மஞ்சளாகத் திருப்பி அனுப்புவது, கண்ணுக்குப் பிடித்தமானது; டோனாட்டியின் வாள் அது. மற்றது மின்னேற்றமடைந்த வாயு. நீலமாக ஒளிவிடுவது, மோர்ஹவுஸில் அநேகமாக அது மட்டுமே. ஆக, 1858இல் கண் பார்த்ததைத் தகடு பார்க்கவில்லை. 1908இல் தகடு பார்த்ததைக் கண் பார்க்கவில்லை. நகல் என்ற பேச்சுக்கு இதில் எங்கே இடம்?

வாலை முறித்தது எது என்பது அரை நூற்றாண்டுக்குப் பிறகு தெரிந்தது. வாயு வால்கள் சூரியனுக்கு எதிர்த்திசையில் இவ்வளவு வேகமாகத் தள்ளப்படுவதற்கு வெளிச்சத்தின் அழுத்தம் போதாது, சூரியனிலிருந்து துகள்கள் ஓயாமல் வீசிக்கொண்டிருக்க வேண்டும் என்று 1951இல் ஜெர்மனியில் பியர்மன் எழுதினார். 1958இல் யூஜின் பார்க்கர் அதற்குக் கணக்குப் போட்டு, சூரியக் காற்று என்று பேரும் வைத்தார். கட்டுரையைப் படித்த மதிப்பீட்டாளர்கள் இருவரும் நிராகரிக்கச் சொன்னார்கள். பத்திரிகையின் ஆசிரியர் நம் சந்திரசேகர். கணக்கில் தப்பு இல்லை என்று பார்த்துவிட்டு, இருவர் பேச்சையும் ஒதுக்கி அச்சிட்டார். பத்திரிகை நடத்துகிறவர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம். 1962இல் மாரினர் 2 அந்தக் காற்றை நேரில் அளந்தது.

தகடு போய்ச் சுருள் பிலிம் வந்தபின் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம். பிலிமும் களைத்துப்போகும். வெளிச்சம் மிகக் குறைவாக இருந்தால், இரண்டு மடங்கு நேரம் காட்டினாலும் இரண்டு மடங்கு படம் விழாது. ஷ்வார்ஸ்சில்ட் இதை நூறு வருஷத்துக்கு முன்பே அளந்து சொல்லியிருந்தார். களைப்பைப் போக்க வானக்காரர்கள் பிலிமை ஹைட்ரஜன் கலந்த வாயுவில் வேகவைத்தார்கள். இன்னொரு எதிரி வானமே. தகடு எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்வதால் ஊர் விளக்குகளின் பிரகாசத்தையும் சேர்த்துக்கொள்ளும். பட்டணத்துப் பக்கத்தில் கால்மணி நேரம் பிலிமைக் காட்டினால் வாலுக்குமேல் ஒரு சாம்பல் திரை. இதனால்தான் இருட்டைத் தேடிக் காடு மலை என்று போனார்கள். 1973இல் கோஹூடெக் வரப்போகிறது என்று பத்திரிகைகள் போட்ட ஆர்ப்பாட்டம் பிசுபிசுத்தது. அந்தக் கசப்பில் 1976 மார்ச்சில் விடியற்காலையில் விசிறிபோல் விரிந்து நின்ற வெஸ்ட்டை அநேகமாக யாரும் எழுதவில்லை. அதைப் பிடித்தவர்கள், சொல்லிவைத்த மாதிரி, சாதாரணக் காமிராவும் முக்காலியுமாக இருட்டுக்குப் போன சொற்பப் பேர். 1997இல் ஹேல்-பாப் வந்தபோது கடைத்தெருவில் கிடைத்த கலர் பிலிமும் அரை நிமிஷமும் போதுமாயிருந்தது, வெள்ளை வாலும் நீல வாலும் பிரிந்து விழுந்தன. நீல வால் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. பிலிமில் பிடிபட்ட கடைசிப் பெரிய வால்நட்சத்திரம் என்று அதைச் சொல்லலாம். 2007இல் மக்நாட் வந்தபோது பெரும்பாலான கைகளில் பிலிம் இல்லை.

நிஜாமியாவைப் பற்றிச் சொன்னேன். அங்கே வேலை பார்த்த ஒருவரின் மகன் வைணு பாப்பு. ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது, 1949 ஜூலை 2ஆம் தேதி எடுத்த தகடு ஒன்றில் ஒரு வால்நட்சத்திரத்தைப் பார்த்தார். போக், நியூகர்க் என்ற இருவரும் கூட இருந்தார்கள். மூன்று பேரின் பெயரும் அதற்கு வாய்த்தது. பிறகு கோடைக்கானலுக்குத் தலைவராக வந்து, அங்கிருந்து இருட்டைத் தேடி ஜவ்வாது மலைக்கு இறங்கி, காவலூரில் வானாய்வகத்தை ஏற்படுத்தினார். அவர் திட்டமிட்ட பெரிய டெலஸ்கோப் முடிவதற்கு முன்பே, 1982இல் இறந்துபோனார்.

பாப்பு படித்த ஹார்வர்டில் சுமார் ஐந்து லட்சம் கண்ணாடித் தகடுகள் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதியைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை 2024இல் முடிந்தது. தகடுகளின் பூச்சில்லாத பக்கத்தில், அங்கே கணக்கெடுக்கும் வேலை பார்த்த பெண்கள் பல பத்தாண்டுகளாக மையால் போட்ட வட்டங்களும் அம்புக்குறிகளும் எண்களும் இருந்தன. ஒளியை அளக்க அவை இடைஞ்சல். ஆகவே ஒவ்வொரு தகட்டையும் முதலில் எழுத்தோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு, பிறகு மையைத் துடைத்துவிட்டு, கண்ணாடியை மட்டும் பதிவு செய்தார்கள். சரித்திர மதிப்பு உள்ளவை என்று தோன்றிய சில தகடுகளைத் துடைக்காமல் விட்டிருக்கிறார்கள்.